மீட்டர் அக்காவின் கோபம்

"பெட்டரி தானா எறங்குதுங்க" என்று சொல்லிக்கொண்டு அவரிடம் போனவர்கள் யாரும் திட்டு வாங்காமல் திரும்பியதில்லை.

"தானா எறங்க அதுக்கு என்ன காலா இருக்கு? உள்ளுக்குள்ள ஏதோ ஒண்ணு குடிக்குது. எது குடிக்குதுன்னு உங்களுக்குத் தெரியல. அப்படிச் சொல்லுங்க."

தெஹியோவிட்டவில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு போன் கடை. அதன் மூலையில் இரண்டடி மேசை. மேசைக்குப் பின்னால் அவர். நாற்பது வயதிருக்கும். தலைமுடியை இறுக்கிக் கட்டி, கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளி, கழுத்தில் ஒரு மஞ்சள் மீட்டரை நாடாவில் தொங்கவிட்டிருப்பார். மின்சாரத்தை அளக்கும் கருவி அது. சோறு சாப்பிடும்போதும் நெஞ்சில்தான் கிடக்கும். சுற்றியிருந்த ரப்பர் தோட்டத்து ஆட்களுக்கு அவர் மீட்டர் அக்கா. கடைத்தெருச் சிங்களவர்களுக்கு மீட்டர் அக்கே. அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதினால், எங்கிருந்தாலும் வந்து திட்டுவார் என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

இப்போது அந்த மேசை இல்லை. கடைக்காரர் அதை எடுத்துவிட்டுப் போன் உறைகளைத் தொங்கவிட்டிருக்கிறார். மீட்டர் அக்கா கட்டாருக்குப் போனார் என்கிறார்கள் சிலர், நீர்கொழும்பில் தங்கையோடு இருக்கிறார் என்கிறார்கள் சிலர். எனக்குத் தெரியாது. யாரிடமும் சொல்லிக்கொண்டு போகிற ஆள் இல்லை அவர்.

நான் தோட்டத்தில் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொள்பவள். விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போகும் தாய்மார் தங்கள் சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. எல்லாரும் என்னை டீச்சர் என்பார்கள். பிள்ளைகளை நிறுக்கும் தராசின் பெட்டரி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செத்துப்போக, அதைத் தூக்கிக்கொண்டுதான் முதலில் அவரிடம் போனேன். நானும் "தானா எறங்குதுங்க" என்றுதான் சொன்னேன். நானும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

திட்டி முடித்த பிறகு, பெட்டரிக்கும் தராசுக்கும் நடுவில் மீட்டரை மாட்டிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா பார்க்கிறீங்க?"

"தூங்கட்டும்னு பார்க்கிறேன். முழிச்சிருக்கிற சாமான் குடிக்கத்தான் செய்யும். அது தப்பில்ல. தூங்குறப்ப எவ்வளவு குடிக்குது, அதுதான் கேள்வி."

தராசு தூங்கவே இல்லை. பொத்தானுக்கு அடியில் பால்மா சிந்தி, ஈரம் பட்டு இறுகி, யாரோ எந்நேரமும் அதை அழுத்திக்கொண்டிருப்பதுபோல ஆகியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து என் முன்னால் ஒரு கடதாசியில் கொட்டினார். "இந்தாங்க உங்க 'தானா'."

அவருடைய கோபத்துக்கு ஒரு ஒழுங்கு இருந்தது என்று பின்னாளில்தான் எனக்குப் பிடிபட்டது. கெட்டுப்போன பொருளைக் கண்டு அவருக்குக் கோபம் வந்ததில்லை. ஏன் கெட்டது என்று தெரியாமலேயே ஒரு ஆளைக் காட்டிக் கைநீட்டுகிறவர்களைக் கண்டால்தான் கண் சிவக்கும்.

ஒருநாள் கடைத்தெரு முதலாளி ஒருவர் அவசர விளக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். கரண்ட் போனால் எரியும் விளக்கு. "இந்தப் பிள்ளை தினமும் நிப்பாட்டாமப் போயிடுது. பெட்டரி போச்சு" என்று பின்னால் நின்ற வேலைக்காரப் பெண்ணைக் காட்டினார். பதினெட்டு வயதிருக்கும். தரையைப் பார்த்து நின்றாள். மீட்டர் அக்கா விளக்கைத் திறந்தார், மீட்டரை மாட்டினார், காத்திருந்தார். விளக்கு அணைந்திருக்கும்போதும் சார்ஜ் ஏற்றும் சர்க்கிட் பலகை வழியாகவே மின்சாரம் பின்னோக்கி வழிந்துகொண்டிருந்தது. ஒரு சின்னச் சாமான் சுட்டுப்போயிருந்தது. மாற்றிப்போட இரண்டு நிமிட வேலை.

"கண்டுபிடிச்சாச்சு. இந்தப் பிள்ளை ஒண்ணும் செய்யல. அதை அவகிட்ட சொல்லுங்க, செஞ்சு தர்றேன்."

முதலாளி சிரித்தார். "சரி சரி, செஞ்சு குடுங்க."

"சொல்லுங்க."

"என்ன விளையாடுறீங்களா?"

மீட்டர் அக்கா விளக்கை மூடி, திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கி, அப்படியே முதலாளி பக்கம் தள்ளிவிட்டார். "வேற எடத்துக்குக் கொண்டு போங்க." முதலாளி கடைத்தெரு முழுக்க அவரைப் பைத்தியம் என்று சொல்லித் திரிந்தார். அதனால் அக்காவுக்கு வேலை குறைந்தது. அதற்காகவும் அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவள்தான் நான். பார்த்திருந்தும், என் முறை வந்தபோது என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் லயங்கள், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள், மலையின் அடிவாரத்தில் இருக்கின்றன. மழை பிடித்தால் பின்பக்கச் சரிவு எந்நேரம் இறங்கும் என்று சொல்ல முடியாது. ஒரு மே மாதம், வெசாக் பண்டிகை முடிந்த கையோடு, மண்சரிவு எச்சரிக்கைத் திட்டத்துக்காரர்கள் வந்து மடுவத்துக் கூரையில் மழை அளக்கும் சட்டி ஒன்றைப் பொருத்தினார்கள். அதிலிருந்து ஒரு வயர் கூரையோரமாக இறங்கி, சுவரில் மாட்டிய இரும்புப் பெட்டிக்கு வரும். பெட்டிக்குள் பெட்டரியும் சைரனும். அளவுக்கு மேல் மழை பெய்தால் சைரன் ஊதும். நாங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். பெட்டரி ஒரு வருடத்துக்கு மேல் நிற்கும் என்றார்கள். சாவியை என்னிடம் கொடுத்தார்கள்.

ஐந்தே வாரத்தில் பெட்டரி செத்தது. போன் செய்தேன். டெக்னிஷியன் ஒருவர் வந்து புதிய பெட்டரி போட்டார். ஐந்து வாரத்தில் அதுவும் செத்தது. இந்த முறை பெட்டியையே கழற்றி ஆபீசுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். பெட்டியில் ஒரு குறையும் இல்லையாம். அப்படியானால் யாரோ சார்ஜைத் திருடுகிறார்கள்.

திட்டத்து அதிகாரி ஜீப்பில் வந்தார். தோட்டத்து உதவி மேனேஜர் சின்ன தொரையும் கூட வந்தார். மடுவத்துக்கு அடுத்த வீடு பெரியசாமி அண்ணனுடையது. பால் வெட்டுகிறவர். கூரையில் ஒரு சின்ன சோலர் தகடு வைத்து லயத்து ஆட்களின் போன்களுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுப்பார். அவர் வீட்டுச் சுவரில் வயர்கள் ஓடின. அதைப் பார்த்ததும் அவர்களுக்குப் போதுமாகிவிட்டது.

"பூட்டு திறந்து கிடந்ததா, டீச்சர்?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார்.

"ஆமா சேர்."

பூட்டு திறந்துதான் கிடந்தது. முதல் வாரத்து மழையிலேயே துருப்பிடித்து, இழுத்தால் வந்துவிடும் பூட்டு அது. அதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள், பெரியசாமி அண்ணன்தான் சார்ஜைத் திருடினார் என்று கடிதம் எழுதி நீட்டினார்கள். கீழே, என் சாட்சியாக, 'பெட்டியின் பூட்டு திறந்திருந்ததைக் கண்டேன்' என்று இருந்தது. அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. என் வேலை தோட்டத்தின் கையில். கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த நாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் போக எல்லாரும் வரிசையாகக் கூடி நிற்கும் இடத்தில், பெரியசாமி அண்ணனை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார் சின்ன தொரை. பிள்ளைகளின் உயிரைத் திருடியவன் என்றார். அண்ணன் "நான் எடுக்கலீங்க" என்று மட்டும் சொன்னார். மூன்று முறை சொன்னார். வரிசையில் நின்ற எங்கள் ஆட்களே அவரைத் திட்டினார்கள். தண்ணீர்க் குழாயடியில் அவர் மனைவியோடு யாரும் பேசவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் சாமான்களைக் கட்டிக்கொண்டு அவிசாவளைக்குப் போய்விட்டார்கள்.

திட்டத்துக்காரர்கள் தண்டனைபோல நாலைந்து மாதம் பெட்டரியே தராமல் வைத்திருந்துவிட்டு, வருடக் கடைசியில் மூன்றாவதைப் போட்டார்கள். பெரியசாமி அண்ணன் இல்லாத லயத்தில், மார்ச் கடைசியில், அதுவும் செத்தது.

அன்றைக்குத்தான் பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மீட்டர் அக்காவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தையும் சொன்னேன்.

"கையெழுத்து யாரு?"

"நான்தான்."

அவர் கழுத்திலிருந்து மீட்டரைக் கழற்றி மேசையில் வைத்தார். "போங்க."

"அக்கா..."

"போங்க டீச்சர். உங்க மூஞ்சியப் பார்த்துக்கிட்டு எனக்கு வேலை செய்ய ஏலாது."

கடையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அழுதுகொண்டே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பஸ் புறப்படும் நேரத்தில் ஜன்னலில் தட்டிக்கொண்டு அவர் நின்றார்.

"பெட்டிய மட்டும் தூக்கிக்கிட்டு வந்தா போதுமா? அவனுங்களும் பெட்டிய மட்டும் மேசையில வச்சுத்தானே பார்த்தானுங்க? எந்தத் திருடன் ஒரே சீரா அஞ்சு வாரம், அஞ்சு வாரம்னு திருடுவான்? ஞாயித்துக்கிழமை வர்றேன். உங்களுக்காக இல்ல."

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். மூன்று பெட்டரிகளும் போட்ட நாள், செத்த நாள் எல்லாம் மடுவத்துப் பதிவேட்டில் குறித்து வைத்திருந்தேன். அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பழைய கலண்டர்த் தாளின் பின்னால் கணக்குப் போட்டார். பெட்டரியில் இருப்பது ஏழாயிரம் மில்லி அம்பியர் மணி. சும்மா இருக்கும்போது பெட்டி அரை மில்லி அம்பியர் குடித்தால் ஒன்றரை வருடம் ஓடும். மூன்று குடித்தால் மூன்று மாதம். எட்டுக் குடித்தால் ஐந்து வாரம்.

மீட்டரை மாட்டினார். பெட்டி தூங்கும்வரை பிள்ளைகளின் சின்ன நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். மூன்றரை என்று காட்டியது. சர்க்கிட் பலகையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தவர், உள்ளே யார் கண்ணுக்கும் படாத இடத்தில் எந்நேரமும் எரிந்துகொண்டிருந்த ஒரு சிவப்பு விளக்கைக் கண்டுபிடித்தார். அரிசி மணி அளவு. அதை வெட்டி எடுத்ததும் எண் அரைக்குக் கீழே இறங்கியது.

"மூணு மாசக் கணக்கு சரியா வருது. இதுதான்."

அவர் சிரித்து நான் பார்த்த நாள் அது. கையோடு கொண்டுவந்திருந்த புதிய பெட்டரியைப் போட்டு, என் வீட்டில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன்பே போனார். கடிதத்தைப் பற்றி அன்று என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மே கடைசியில் மழை மூன்று நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் பின்னேரம், பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். மேலே லொறியிலிருந்து கல் கொட்டுவதுபோலச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கடைசி லயத்தின் பின்பக்கக் குசினிகளில் சிவப்பு மண் முழங்கால் உயரத்துக்குப் புகுந்து கிடந்தது. அடுப்புப் பற்றவைக்கப் போன மாரியாயி அக்கா சுவருக்கடியில் கிடந்தார். மம்பட்டியாலும் கையாலும் தோண்டி எடுத்தார்கள். உயிர் இருந்தது. தொடை எலும்பு முறிந்திருந்தது.

சைரன் ஊதவே இல்லை. பெட்டியைத் திறந்தேன். பெட்டரி செத்துக் கிடந்தது. போட்டு ஏழு வாரம்.

மீட்டர் அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.  "அந்த அக்காவுக்கு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் வந்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மடுவத்துக்கு வராமல் நேரே கடைசி லயத்துக்குப் போய், உடைந்த குசினிக்கு முன்னால் நனைந்துகொண்டே நின்றார். நான் குடையைக் கொண்டுபோய்ப் பிடித்தபோது, "இதுல பாதி என் தப்பு" என்றார். "நாள் எல்லாம் எழுதிக் குடுத்தீங்க. மழை மாசத்துல அஞ்சு வாரம், காஞ்ச மாசத்துல மூணு மாசம். கண்ணு முன்னுக்கு இருந்திச்சு. நான் வெயில்ல வந்து பார்த்துட்டு, கெட்டிக்காரின்னு ரொட்டி சாப்பிட்டுட்டுப் போயிட்டேன்."

மண் சரிந்த செய்தி கேட்டுத் திட்டத்து அதிகாரியும் டெக்னிஷியனும் வந்துவிட்டார்கள். சின்ன தொரை குடைபிடித்து நின்றார். செத்த பெட்டரியைப் பார்த்ததும் அதிகாரி தலையை ஆட்டினார். "மறுபடியும் யாரோ கை வச்சிருக்காங்க" என்றார் சிங்களத்தில்.

மீட்டர் அக்காவின் சிங்களம் அதிகாரியுடையதைவிட நன்றாக இருக்கும். "வாயை மூடிக்கொண்டு பத்து நிமிடம் நில்லுங்கள், மாத்தையா" என்றார்.

அந்த மனிதரிடம் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். அதிர்ச்சியிலேயே நின்றுவிட்டார்.

டெக்னிஷியன் கொண்டுவந்த புதிய பெட்டரியை மீட்டர் அக்கா மாட்டி, நடுவில் மீட்டரைப் போட்டார். பெட்டி தூங்கட்டும் என்று நின்றார். மழைச் சத்தம். எல்லாரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்தோம். பெட்டி தூங்கிவிட்டது. எண் ஒன்பதில் நின்றது.

அவர் கூரையிலிருந்து வரும் வயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கினார். எண் அரைக்குக் கீழே விழுந்தது. மறுபடி மாட்டினார். ஒன்பது. மறுபடி பிடுங்கினார். அரை.

"பெட்டியில ஒண்ணும் இல்ல. வெளிய இருக்கு."

மீட்டரை டெக்னிஷியன் கையில் கொடுத்து, "எண்ணைக் கத்திச் சொல்லு" என்றுவிட்டு ஏணியில் ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். வயரைக் கையால் தடவித் தடவிப் போனார். கூரையோரத்துப் பீலியில், மழைத்தண்ணீர் ஓடும் இடத்திலேயே, இரண்டு வயர்த் துண்டுகளை முறுக்கி மேலே சாதாரண டேப் சுற்றியிருந்தார்கள். டேப் தளர்ந்து, உள்ளே தண்ணீர் நிரம்பி, செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. ஒரு வயரிலிருந்து மற்ற வயருக்கு அந்த ஈரத்தின் வழியாகவே மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. அவர் கத்திரியால் அந்த இடத்தை வெட்டினார்.

"பிந்துவய் தசம ஹதரய்!" என்று கீழேயிருந்து டெக்னிஷியன் கத்தினார். பூச்சியம் தசம் நான்கு.

மழை கூடக் கூட அது கூடக் குடித்திருக்கிறது. எங்களுக்குச் சைரன் வேண்டிய நாட்களில்தான் அது சாகும்படி அமைந்திருந்தது.

வெட்டிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினார். டெக்னிஷியனின் முகத்துக்கு நேரே நீட்டினார். முப்பது முப்பத்தைந்து வயதுக்காரர் அவர், பாவம். "எல்லா இடத்திலும் இப்படித்தான் சுற்றினோம், அக்கே" என்றார் மெல்ல. "ஒட்டி மூடுவதற்குச் சாமான் தரவில்லை. கேட்டுப் பார்த்தேன்."

"எல்லா இடத்திலும்?"

அவர் தலையைக் குனிந்தார்.

மீட்டர் அக்கா அவரை விட்டுவிட்டு அதிகாரியிடம் திரும்பினார்.   "எத்தனை மலையில எத்தனை லயத்துல இது செத்துக் கிடக்கு? எத்தனை பேரைத் திருடன்னு எழுதினீங்க?" இதைத் தமிழில்தான் கேட்டார். அவருக்குப் புரிந்தது.

"சரி, தொழில்நுட்பப் பிரச்சினை ஒன்று இருந்திருக்கிறது. சரிசெய்துவிடுவோம்" என்றார் அதிகாரி.

"பெரியசாமி?"

"அது முடிந்துபோன விஷயம்."

சின்ன தொரை மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெக்னிஷியன் புதிய வயர் இழுத்து, இந்த முறை மீட்டர் அக்கா கொண்டுவந்த சாமானால் இணைப்பை ஒட்டி மூடி, பீலியை விட்டுத் தள்ளிக் கட்டினார். வேலை முடிந்ததும் அதிகாரி ஒரு படிவத்தை என்னிடம் நீட்டினார். பெட்டி திருத்தப்பட்டுத் திரும்ப ஒப்படைக்கப்பட்டதென்று, சாவி வைத்திருப்பவள் கையெழுத்திட வேண்டும். அது இல்லாமல் அவர் மேலே போய் முகம் காட்ட முடியாது.

மீட்டர் அக்கா என்னைப் பார்க்கவில்லை. மீட்டரின் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்திருந்தால் அவருக்குப் பயந்து செய்தேன் என்று ஆகியிருக்கும்.

"முதல்ல அந்தக் கடிதம், சேர்" என்றேன்.

"எந்தக் கடிதம்?"

"பெரியசாமி அண்ணனைப் பத்தி எழுதினது. அது தப்புன்னு எழுதித் தாங்க. பிறகு போடுறேன்."

"அதில் கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே, டீச்சர்?"

"ஆமா சேர். அதனாலதான் கேட்கிறேன்."

அரை மணி நேரம் பேசினார்கள். சின்ன தொரை என் வேலையைப் பற்றி நினைவுபடுத்தினார். நான் படிவத்தைத் தொடவில்லை.  கடைசியில் அதிகாரி, தனக்குத் தமிழ் எழுதத் தெரியாது என்றார்.

"நீங்க சொல்லுங்க. நான் எழுதுறேன். கையெழுத்து மட்டும் நீங்க" என்றார் மீட்டர் அக்கா.

நாலு வரி. பெட்டரி இறங்கியது கூரையில் வயரைச் சரியாக மூடாததாலும் உள்ளே எரிந்த விளக்காலும். பெரியசாமி எதையும் எடுக்கவில்லை. அவர்மேல் சொன்னது தவறு. மற்றத் தோட்டங்களிலும் வயர்களைப் பார்க்க வேண்டும். அதிகாரி கையெழுத்துப் போட்டார். அதன் கீழே, நான் கேட்டு, என் வரி ஒன்றையும் எழுதி, பிறகு படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். கடிதத்தில் சின்ன தொரை கையெழுத்துப் போடவில்லை.

அடுத்த நாளே நானும் மீட்டர் அக்காவும் அவிசாவளைக்குப் போனோம். பெரியசாமி அண்ணன் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். தலையெல்லாம் சாம்பல் நிறத்தில் தூசி. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீட்டர் அக்காவை அவருக்கு முன்பின் தெரியாது. தான் யாரென்று அக்காவே சொல்லிக் கடிதத்தைக் கொடுத்தார்.

அண்ணன் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். நின்றபடியே வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார். அழுவார் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்கச் சொற்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் தாளை மடித்து அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியுந்தானே. இத ஏன் எனக்குக் கொண்டுவந்து காட்டுறீங்க? பெரட்டுல நிண்டாங்களே, அவங்களுக்குப் போய் வாசிங்க."

"திரும்பி வருவீங்களா?" என்று நான் கேட்டேன்.

 அவர் அடுத்த மூட்டைக்குத் தோளைக் கொடுத்தார்.

 திரும்பும் பஸ்ஸில், தெஹியோவிட்டவில் இறங்க எழுந்தபோது மீட்டர் அக்கா, "நாளைக்கு எத்தனை மணிக்குப் பெரட்டு?" என்று கேட்டார்.

"அஞ்சரைக்கு. அந்நேரம் உங்களுக்கு பஸ் இல்லக்கா."

இறங்காமல் மறுபடி என் பக்கத்திலேயே உட்கார்ந்து, என்னோடு தோட்டத்துக்கு வந்தார்.

காலையில் ஆட்கள் கத்தியும் வாளியுமாக வரிசையில் நின்றார்கள். அண்ணன் நின்ற அதே இடத்தில் போய் நின்றேன். சின்ன தொரை, "டீச்சர், இங்க என்ன?" என்றார். நான் தாளை விரித்தேன். முதல் நாலு வரியும் எப்படியோ வாயில் வந்தன. கடைசியில் நான் சேர்த்த வரி. 'பூட்டு முதல் வாரத்திலிருந்தே துருப்பிடித்துத் திறந்திருந்தது எனக்குத் தெரியும். பயத்தில் அதைச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டேன்.'  எனக்கே கேட்காத குரலில் வாசித்து முடித்து, தாளை மடிக்கப் போனேன்.

வரிசைக்குப் பின்னாலிருந்து மீட்டர் அக்காவின் குரல் வந்தது.

"சத்தமா வாசிங்க டீச்சர். பின்னுக்கு நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

தாளை விரித்து, முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தேன்.